பாக்கியக்காவின் பெயருக்கு விழுந்த சீட்டு

முதலில் என் மடத்தனத்தை நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வாசகர்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட அது கொஞ்சம் மானமுள்ள வழி.

கோயிலில் ஒரு பெண் முன்னால் நின்று ஆராதனை நடத்தினால், அவளை அங்கே நிறுத்தி வைத்த ஆணுக்கு ஏழு நாளுக்குள் கை வெளுத்துப் போகும் என்று நான் நம்பினேன். முழங்கையில் தொடங்கும், பிறகு மேலே ஏறும் என்று விவரம் வேறு வைத்திருந்தேன்.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேதத்தை நானே வாசித்து நானே கண்டுபிடித்தது. மோசேயின் அக்காள் மிரியாம், ‘கர்த்தர் தம்பியோடு மட்டும்தான் பேசுவாரோ?’ என்று கேட்டாள். குஷ்டம் பிடித்து ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே இருந்தாள். அவளோடு சேர்ந்து அதையே கேட்ட ஆரோனுக்கு ஒரு தேமல்கூட வரவில்லை. அப்படியானால் ஆரோனுக்கு வரவேண்டிய பங்கு எங்கே போயிற்று? அது ஆயிரக்கணக்கான வருஷமாய் ஆள் தேடி அலைந்து, கடைசியில் மலாயாவில் சிகாமட் ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து, எங்கள் தோட்டத்துக்கு என்னைத் தேடி வந்துகொண்டிருக்கிறது. இதுதான் என் முடிவு.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணி, அதாவது குமாஸ்தா. காலைப் பெரட்டில் ஆள்களைப் பேர் கூப்பிட்டு எழுதுகிற வேலை. புத்தி வளர்வதற்கு அந்த வேலையில் அதிக இடமில்லை.

முழங்கை

எங்கள் கோயில் என்றதும் மணிக்கூண்டையும் கண்ணாடி ஜன்னலையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டகை அது. ஒரு பக்கம் ஆண்கள் பாய், மறு பக்கம் பெண்கள் பாய். முன்னால், ரப்பர் ஷீட் அடைக்கிற மரப்பெட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்து வெள்ளைத் துணி போர்த்தியிருப்போம். துணி கட்டை. அதனால் கீழே ‘லண்டன்’ என்று அச்சடித்திருப்பது நன்றாகத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பெட்டிக்குப் பின்னால் நின்றது பாக்கியக்கா. எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள். முப்பத்தைந்து வயதிருக்கும். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள். விரல் நகங்களைச் சுற்றி ரப்பர் பால் காய்ந்து கறுத்திருந்தது.

நான் ஆண்கள் பாயின் கடைசியில், ஒரே எட்டில் வாசலைத் தாண்டிவிடக்கூடிய இடத்தில் இருந்தேன். பாதிப் பாய் காலி. அங்கே வழக்கமாய் உட்காருகிறவர்கள், வரிசை வீடுகளான லயத்தில் காய்ச்சலாய்க் கிடந்தார்கள், அல்லது மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

பாக்கியக்கா வாசிக்க ஆரம்பித்தாள். கொசு கடித்ததென்று இடது முழங்கையைச் சொறியப் போனேன்.

வெள்ளை. உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை.

வலது கையால் அதை மூடிக்கொண்டேன். மூன்று நாள்தானே ஆகிறது, ஏழு நாள் தவணை இருக்கிறதே என்று கர்த்தரிடம் மனசுக்குள் வழக்காடினேன். அந்த நிலையில் என்னை அங்கேயே விட்டுவிட்டு, வாசகர்கள் மூன்று நாள் பின்னால் வரவேண்டும்.

பலகை அடிக்கிற சத்தம்

பதினெட்டாம் வருஷம், ஜெர்மனியோடு நடந்த பெரிய சண்டை முடிகிற சமயம். அந்த விஷக்காய்ச்சல் சிங்கப்பூரிலிருந்து ரயிலில் வந்தது என்று நாங்கள் சொன்னோம். எங்களிடமிருந்து வந்தது என்று சிங்கப்பூர்க்காரர்கள் சொல்லியிருப்பார்கள். காலையில் பெரட்டில் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுத்தவன் மாலையில் உதடு நீலம் பாய்ந்து கிடந்தான். மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். நாங்கள் உபவாசம் இருந்தோம். காய்ச்சல் இரண்டு பக்கத்துக்கும் பட்சபாதம் காட்டவில்லை.

பகல் முழுக்கத் தச்சன் சவப்பெட்டிக்குப் பலகை அடிக்கிற சத்தம் கேட்கும். அது கேட்கிறவரை பயம். திடீரென்று நின்றுவிட்டால் இன்னும் பயம்: பலகை தீர்ந்துவிட்டதா, தச்சனுக்கே வந்துவிட்டதா?

நான் செய்துகொண்ட பாதுகாப்புகள் பல. சட்டைப் பையில் சூடம். கழுத்தில் பூண்டு மாலை. லயத்தைக் கடக்கும்போது முதல் வாசலில் மூச்சைப் பிடித்தால் பத்தாவது வாசலில்தான் விடுவேன். ஒரு நாள் எட்டாவது வாசலில் யாரோ நிறுத்திப் பேசிவிட்டார்கள். கண் பிதுங்கி, முகம் கறுத்து நின்ற என்னைப் பார்த்து, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரசர் சாமுவேல் அண்ணன், “அலமாக், இவனுக்கும் வந்துட்டுது போல” என்று ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

இந்த லட்சணத்தில் ஒரு வியாழக்கிழமை காலை எங்கள் உபதேசியார் இறந்துபோனார். குருவானவர் சிங்கப்பூரிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனையும், சாவு விழுந்தால் அடக்கமும் உபதேசியார் பொறுப்பு. அதுவரை மற்றவர்களை அடக்கம் செய்துவந்தவர் அவர். இப்போது அவரை அடக்கம் செய்ய ஆள் இல்லை.

கோயில் டப்பா

தட்டுத்தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த ஆண்கள் நான்கு பேர் மிஞ்சியிருந்தோம். மூத்த கங்காணி தாவீது, டிரசர் சாமுவேல் அண்ணன், பாக்கியக்காவின் புருஷன் வேதமணி, நான். ஆபீஸ் தாழ்வாரத்தில் கூடினோம். பிரேதத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் போக வேண்டும். நான்கு பேருமே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தரையில் பார்க்க ஒன்றும் இல்லை.

“யூதாசு போன எடத்துக்கு அப்போஸ்தலருங்க சீட்டுத்தானே போட்டாங்க?” என்றார் கங்காணி. “நாமளும் போடுவோம். அவங்கவங்க பேரை அவங்கவங்களே எழுதிப் போடுங்க. யாருக்கு விழுதோ அவங்க நடத்தட்டும்.”

கோயில் காணிக்கை டப்பாவைக் கொண்டுவந்தோம். நான் காகிதம் கிழித்துக் கொடுத்தேன். ஜெபம் செய்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று எழுதினோம்.

என் பென்சில் காகிதத்தில் பட்டது. கை என் பெயரை எழுத மறுத்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் உபதேசியார் படுத்துவிட்ட சமயம், பிறந்து மூன்றே நாளான குழந்தை ஒன்று இறந்தது. ஆண்கள் யோசித்துக்கொண்டு நின்றபோது பாக்கியக்கா அதைத் தூக்கிக்கொண்டு போய், அடக்க ஆராதனை முழுவதையும் புத்தகம் இல்லாமலே சொல்லி முடித்தாள். திருநெல்வேலிப் பக்கம் மிஷன் போர்டிங்கில் படித்தவள். அது எனக்கு நினைவு வந்தது. வந்தது என்ன, வந்து கையைப் பிடித்துக்கொண்டது.

‘பாக்கியம்’ என்று எழுதி மடித்துப் போட்டேன். வேறு மூவரில் ஒருவர் பெயர் வந்தால் நான் தப்பினேன். அவள் பெயரே வந்தாலும், பொம்பளை பேரை எவன் எழுதினான் என்று கத்திவிட்டு மறுபடி போடுவார்கள், அதற்குள் எனக்கு வயிற்றுவலி வந்துவிடும். திட்டத்தில் ஓட்டை இல்லை என்று நினைத்தேன்.

கங்காணி கையை விட்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“பாக்கியம்” என்றார்.

எந்தப் பயல் எழுதினான் என்ற கேள்விக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒருவரும் கேட்கவில்லை. சாமுவேல் அண்ணன் தொப்பியைக் கழற்றினார். “கர்த்தர் செயல்” என்றார். வேதமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவர் சித்தம்னா நாம என்ன பண்ண முடியும்?” என்றார். கங்காணி, “சித்தம்னா சித்தந்தான்” என்று டப்பாவை மூடினார். அந்தத் தோட்டத்தில் நான்கு ஆண்கள் இவ்வளவு ஒருமனப்பட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

ஆள் அனுப்பினோம். பாக்கியக்கா பால் வாளியோடும் கத்தியோடும் வந்தாள்.

“சீட்டுல ஒன் பேரு வந்திருக்கு புள்ள” என்று கங்காணி அதை அவளிடம் கொடுத்தார்.

“என் பேரை யாரு மாமா எழுதிப் போட்டது?”

“கர்த்தர் எழுதினாரு.”

“கர்த்தர் பென்சிலு கொண்டாந்தாராக்கும்.” எங்கள் நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாய்ப் பார்த்தாள். நான் சூடத்தை எடுத்து முகர்ந்தேன். அவள் வாளியை இறக்கி வைத்தாள். “சரி. உபதேசியாரை எங்க வச்சிருக்கீங்க?”

அன்று பிற்பகல் அவள் உபதேசியாரை அடக்கம் செய்தாள். எட்ட நின்று பார்த்த எனக்கு அப்போதுதான் மிரியாமின் ஞாபகம் வந்தது.

லண்டன் பெட்டி

இப்போது முழங்கைக்குத் திரும்பலாம். ஆராதனை முடிந்ததும் ஆற்றுக்கு ஓடினேன். கார்பாலிக் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மூன்றாவது தேய்ப்பில் குஷ்டம் கரைந்து ஆற்றோடு போய்விட்டது. காய்ச்சலுக்காக லயத்துச் சுவர்களுக்கு முதல் நாள் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இருமிக்கொண்டு வந்த ஒருவருக்கு வழிவிடுவதற்காக நான் பல்லியைப் போல் சுவரில் ஒட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நிம்மதி அரை மணி நேரந்தான் இருந்தது. இன்னும் நான்கு நாள் தவணை பாக்கி. சீட்டில் செய்த தில்லுமுல்லுக்குத் தனித் தண்டனை வேறு இருக்குமே!

கொட்டகைக்குத் திரும்பினால், மர நிழலில் வாக்குவாதம். கங்காணிக்கு வேதம் நன்றாய்த் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியாது.

“நல்லாத்தான் வாசிச்சே பாக்கியம். ஆனா சபையில பொம்பளைங்க பேசாம இருக்கணும்னு பவுல் எழுதியிருக்காரா இல்லியா?”

“எழுதியிருக்காரு மாமா.”

“அப்புறம்?”

“அதே பவுலுதானே பெபேயாளைச் சபைக்கு ஊழியக்காரின்னு எழுதி, அவளை நல்லபடியா ஏத்துக்குங்கன்னு கேட்டுக்கிட்டாரு? பிரிஸ்கில்லாளும் அவ புருஷனும் அப்பொல்லோவைக் கூப்பிட்டு வச்சுச் சொல்லிக் குடுத்தாங்க. அவ்வளவு படிச்ச மனுஷன், உக்காந்து கேட்டுக்கிட்டாரு.”

“அது வீட்டுல வச்சு.”

“இது மட்டும் என்னவாம்? ரப்பர்ப் பெட்டிதானே மாமா.”

சாமுவேல் அண்ணன் சமாதானத்துக்கு வந்தார். “தெபோராள் இஸ்ரவேலுக்கு நியாயம் விசாரிச்சான்னா, அந்தக் காலத்துல ஆம்பளைங்க சரியில்ல. அதனால கர்த்தர் அவளை எழுப்பினாரு.”

“இப்ப சரியா இருக்காங்களா டிரசரண்ணே?”

அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். பாவம், பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் சாவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். எங்கள் நால்வரில் பயப்பட நியாயம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

ஏழு நாள் கழிந்தது. என் கை வெளுக்கவில்லை. தண்டனை தாமதமானால் வட்டியோடு வரும் என்று புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து அதற்குப் பயப்பட ஆரம்பித்தேன். பாக்கியக்கா காலையில் மரம் வெட்டினாள். பிற்பகலில் அடக்கத்துக்குப் போனாள். எதிரே வந்தால் “தம்பி, சாப்ட்டீங்களா?” என்பாள். கேட்டதும் நான் ஆபீஸைப் பார்த்து நடையைக் கட்டுவேன். அவளுக்குக் காய்ச்சல் வந்து செத்துப்போனால் கொன்றவன் நான்தானே? அந்த ஒரு பயம் மட்டும் மடத்தனமான பயம் இல்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

குருவானவர்

இரண்டு மாதம் கழித்துக் குருவானவர் வந்தார். காய்ச்சல் தணிந்திருந்தது, போய்விடவில்லை. மெலிந்த தமிழர். குடையை மடிக்காமலே கொட்டகைக்குள் நுழைகிற அளவுக்கு யோசனையில் இருந்தார். ஆண்களையும் பெண்களையும் பாயில் உட்காரவைத்து, நடந்ததைக் கேட்டார். கங்காணி எழுந்து சீட்டுப் போட்ட கதையைச் சொன்னார். அவர் சொல்லக் கேட்டால் மேல்வீட்டறையில் அப்போஸ்தலரோடு உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

குருவானவர் அப்போதுதான் குடையை மடித்தார். பிறகு சொன்னார்: “ஆராதனையைப் பெண்கள் நடத்த நம்முடைய சபையில் ஒழுங்கு கிடையாது. கொரிந்துவில் நடந்த குழப்பத்துக்குப் பவுல் எழுதியதை இந்தச் சாவுகளுக்கு நடுவே அப்படியே வைக்கலாமா என்பதில் எனக்கே தெளிவில்லை. ஆனால் ஜெபம் செய்து சீட்டுப் போட்டு, அது இந்த அம்மாளுக்கு விழுந்திருக்கிறது. அதைத் தள்ளிவிட நான் யார்? வேறு உபதேசியார் வரும்வரை அவர்களே நடத்தட்டும். பேராயருக்கு இப்படியே எழுதிவிடுகிறேன்.”

பெண்கள் பாயில் ஒரு பெருமூச்சு எழுந்தது. எனக்கு வேர்த்துக்கொட்டியது. என் ஒரு சீட்டுப் பொய் சிங்கப்பூருக்கு ரயிலேறிப் பேராயர் மேஜைக்குப் போகப் போகிறது. உண்மையைச் சொன்னால் பாக்கியக்காவின் இடம் போய்விடும். சொல்லாவிட்டால் என் ஆத்துமா போய்விடும். எழுந்திருக்கலாமென்று முழங்காலை ஊன்றினேன். ஊன்றியதோடு சரி.

எழுந்தது பாக்கியக்கா.

“எழுதாதீங்க ஐயா. அந்தச் சீட்டு சரியில்ல.”

தன் வேதபுத்தகத்திலிருந்து நான்கு துண்டுக் காகிதங்களை எடுத்து, அவர் முன்னால் பெட்டியின்மேல் வைத்தாள். “ஒண்ணு கங்காணி மாமா எடுத்தது. மிச்சம் மூணும் டப்பாவுலயே கெடந்துச்சு. அன்னிக்கே பிரிச்சுப் பாத்துட்டேன்.”

குருவானவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாய் வாசித்தார். பாக்கியம். பாக்கியம். பாக்கியம். பாக்கியம்.

“நாலும் வேற வேற எழுத்து ஐயா. ஒண்ணு என் வீட்டுக்காரரோடது.”

பெண்கள் பாயில் யாரோ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள். வேதமணி கூரையைப் பார்த்தார். கங்காணி வேதமணியைப் பார்த்தார். சாமுவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். இரண்டு மாதமாய் நான் தனியாளாய்ச் சுமந்த பாவத்துக்கு மூன்று பங்காளிகள் இருந்தார்கள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் பிறகுதான் வந்தது.

“இது தெரிந்தும் ஏனம்மா நடத்தினீர்கள்?”

“சீட்டு பொய்யின்னாலும் சாவு மெய்தானேங்க ஐயா. உபதேசியார் அங்க கெடந்தாரு.” முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “ஆண்டவரோட கல்லறைக்கு விடியகாலையில போனவங்க பொம்பளைங்கதான். எழுந்துட்டாருன்னு போய்ச் சொல்ல அவங்களைத்தான் அனுப்புனாங்க. ஆம்பளைங்க பயந்து கதவைச் சாத்திக்கிட்டு இருந்தாங்க. ஆண்டவர் அவங்களையும் கோவிச்சுக்கல. நானும் இவங்களைக் கோவிச்சுக்கல. ஆனா பொய்ச் சீட்டுமேல நின்னுக்கிட்டு வேதம் வாசிக்க எனக்கு மனசு வரல.”

குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

“நீங்கள் சொன்னது சத்தியம். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு வழி இருந்திருக்கும்” என்றார் மெல்ல. “சீட்டு இல்லையென்றால் எனக்கு ஒழுங்கு ஒன்றுதான் மிச்சம். வீடுகளில் நோயாளிகளுக்கு ஜெபம் செய்யுங்கள். பெண்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆராதனையும் அடக்கமும் ஆண் ஒருவர்தான் நடத்த வேண்டும்.”

பாக்கியக்கா தலையசைத்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தாள். குருவானவர் ஒரு சீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“இந்த அழகான கையெழுத்து யாருடையது?”

வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குக் கையெழுத்து கோணலாக இல்லையே என்று வருத்தமாயிருந்தது.

“என்னுது ஐயா.”

“இனி நீங்கள் நடத்துங்கள்” என்றார்.

அடக்கம்

குருவானவர் மத்தியான ரயிலுக்குப் போனார். நான்காம் நாள் டிரசர் சாமுவேல் அண்ணன் இறந்துபோனார்.

மழை விட்ட பிற்பகல். செம்மண் காலைப் பிடித்து இழுத்தது. புதுப் பலகையின் வாசனையும் கார்பாலிக் வாசனையும் கலந்து வந்தன. ஆண்கள் குழியைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் பத்தடி தள்ளி ரப்பர் மரங்களுக்குக் கீழே நின்றார்கள். என் கையில் ஜெபபுத்தகம் திறந்திருந்தது. எழுத்து தெரிந்தது. முதல் வரி தெரிந்தது. வாயைத் திறந்தேன். காற்று வந்தது, குரல் வரவில்லை.

மறுபடி திறந்தேன். என் பற்கள் ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் எனக்கே கேட்டது. ஸ்ட்ரெச்சர் கொண்டுவரச் சொன்ன மனிதர் பலகைக்கு உள்ளே கிடக்கிறார். கங்காணி இருமினார். எல்லாரும் அவரைவிட்டு ஓரடி நகர்ந்தார்கள். சாமுவேல் அண்ணனின் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மரங்களின் பக்கமிருந்து பாக்கியக்காவின் குரல் வந்தது. உரக்க இல்லை. முதல் வரியிலிருந்து தொடங்கினாள்.

நான் புத்தகத்தைப் பார்த்து உதட்டை அசைத்தேன். மண் போடவேண்டிய இடத்தில் அவள் நிறுத்தினாள். குனிந்து ஒரு பிடி எடுத்துப் போட்டேன். அவள் தொடர்ந்தாள். முடிவில் ‘ஆமென்’ மட்டும் நானும் சொன்னேன்.

ஐந்து மாதம் கழித்து மலாக்காவிலிருந்து புது உபதேசியார் வந்தார். அதுவரை ஒவ்வொரு அடக்கமும் அப்படித்தான் நடந்தது. நான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு குழியருகே நின்றேன். அவள் பெண்கள் பக்கமிருந்து சொன்னாள். எனக்குக் காய்ச்சல் வரவே இல்லை, அவளுக்கும் வரவில்லை. சபைப் பதிவேட்டில் ‘அடக்க ஆராதனை நடத்தியவர்’ என்ற கட்டத்தில் அந்த மாதங்கள் முழுக்க என் பெயர் இருக்கிறது. நடத்தியவள் பாக்கியக்கா.